எட்டு முப்பத்தெட்டு வண்டி

“காசு, காசு, காசு! காசுப் பேயள்!”

பீலெஃபெல்ட் ரயில் நிலையத்தின் நட்டநடுவில் நின்று கத்தினார் இராசலிங்கம்.

தமிழில்தான். ஜெர்மனிக்கு வந்து இருபது வருடத்தில் அவர் படித்த பாடம் இது. டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், ஏசினால் வம்பு. தமிழில் என்ன ஏசினாலும் வெள்ளைக்காரன் தலையாட்டிவிட்டுப் போவான்.

கோபத்திலும் நியாயம் இருந்தது. மனைவி ரஞ்சினிக்கு அன்று பதினொரு மணிக்கு ஹனோவர் கண் ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன். யாரோ ஒரு புண்ணியவான் தானம் செய்த கருவிழிக்காக எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த நாள். போகாவிட்டால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

2007 நவம்பர். ரயில் சாரதிகள் சம்பளம் கூட்டச் சொல்லி வேலைநிறுத்தம். ‘எட்டு முப்பத்தெட்டு வண்டி ஓடும்’ என்று முதல்நாள் சொன்னவர்கள், காலையில் அதையும் பலகையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

“எட்டு முப்பத்தெட்டு ஓட்டுற றைவர் வரேல்லையாம், ரஞ்சி. பஞ்சணையிலை படுத்திருப்பான்! அவனுக்கென்ன, உன்ர கண்ணோ பெரிசு?”

“மெல்லமாக் கதையுங்கோப்பா. டாக்ஸி?”

“டாக்ஸிக்கு அம்பது பேர் நிக்கினம். ஒரு டாக்ஸியையும் காணேல்லை.”

“பக்கத்து வீட்டு இளங்கீரன்ர கார்?”

“போன் எடுக்கிறானில்லை. வேலையிலை நிப்பான்.”

ரஞ்சினி கைக்குட்டையை எடுத்தாள். “எட்டு மாசம் பாத்துக்கொண்டிருந்தன். இண்டைக்கு ஹனோவர் கண் ஆஸ்பத்திரிக்குப் போகாட்டி, இனி எப்ப வருமோ...”

தேத்தண்ணிக் கோப்பையோடு பக்கத்தில் நின்ற நரைத்த தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் அவர்களையே பார்த்தார். கோப்பையைக் குப்பைத்தொட்டியில் போட்டார். கிட்ட வந்தார்.

“ஹனோவர்தானே? என் கார் வெளியே நிற்கிறது. வாருங்கள்” என்றார் டொச்சில்.

இராசலிங்கம் மனைவியின் காதுக்குள் சொன்னார். அவருடைய ரகசியம் அடுத்த மேடைக்கும் கேட்கும்.

“களவா டாக்ஸி ஓடுறவன் போல. ஸ்ட்ரைக் நாளிலை நல்லாக் கறக்கப் போறான். எவ்வளவெண்டாலும் குடுப்பம். ஏறு.”

தாடிக்காரருக்கு ஏனோ இருமல் வந்தது.

கார் நெடுஞ்சாலையில் பறந்தது. இராசலிங்கத்தின் வாயும்தான்.

“இவங்களுக்குக் கொழுப்பு, ரஞ்சி. நிம்மதியா இருந்து வண்டி ஓட்டுறாங்கள். அதுக்கு இன்னும் சம்பளம் வேணுமாம்!”

“உங்களுக்கு மூண்டு மாசச் சம்பளம் தராமல் ரெஸ்ரோறன்ட் முதலாளி ஏமாத்தினவர். ஒருநாள் எண்டாலும் நிண்டு கேட்டனீங்களோ? கேக்கிறவையை மட்டும் ஏசத் தெரியுது.”

“அது வேற கதை.”

“ஓம், ஓம். உங்கட கதை எப்பவும் வேறதான்.”

தாடிக்காரர் கண்ணாடியில் ஒருதரம் பின்னால் பார்த்துவிட்டு, ரேடியோச் சத்தத்தைக் குறைத்தார்.

பேச்சை மாற்ற நினைத்த இராசலிங்கம் டொச்சில் கேட்டார். “இந்த வேலைநிறுத்தத்தால் உங்களுக்கும் கஷ்டமா?”

“இன்றைக்கு எனக்குச் சம்பளம் இல்லை” என்றார் அவர்.

“பாத்தியா ரஞ்சி! இந்தப் பாவியின்ர பிழைப்பிலையும் மண்!”

மறுபடியும் இருமல்.

பத்தேகாலுக்குக் கார் நின்றது. கண் ஆஸ்பத்திரி வாசலிலேயே.

ரஞ்சினி இறங்கியதும் கணவனின் கையைப் பிடித்தாள். “நீங்கள் இவரிட்டை கண் ஆஸ்பத்திரி எண்டு சொன்னனீங்களோ?”

“இல்லையே. நீ சொல்லேல்லையோ?”

“நான் அவரோடை வாயே திறக்கேல்லை. நீங்கள் எங்கை விட்டனீங்கள்!”

நேரம் இருக்கிறது, கண் பிழைத்தது. இராசலிங்கத்துக்கு அது போதும். மனம் குளிர்ந்துபோய் இரண்டு ஐம்பது யூரோத் தாள்களை ஜன்னலுக்குள் நீட்டினார்.

தாடிக்காரர் அந்தக் கையை மெதுவாக மடக்கினார்.

“காசு வேண்டாம் அண்ணை.”

தமிழ்! அதுவும் யாழ்ப்பாணத்துத் தமிழ்!

நவம்பர்க் குளிரில் இராசலிங்கத்துக்கு வேர்த்துக் கொட்டியது. காலையிலிருந்து ஏசிய ஏச்செல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது.

“நீங்கள்... தமிழ்...”

“என்ர மனுசி பற்றிமா, யாழ்ப்பாணத்துக் குருநகர். பதினெட்டு வருசமாத் தமிழிலை ஏச்சு வாங்கிறன். உங்கட ஏச்சு பெரிசில்லை.” அவர் வாய்விட்டுச் சிரித்தார். “அக்கா சொன்னது சரி. சம்பளம் கேக்கத்தான் வேணும். அதுக்குத்தான் காலமை நானும் ஸ்டேஷனிலை வந்து நிண்டனான். ஆனா, அக்கா அழுததைப் பாத்தாப் பிறகு நிக்க ஏலாமல் போச்சு.”

“நீங்கள் ஏன் அங்கை நிண்டனீங்கள்?”

“நீங்கள் ஏசின அந்த எட்டு முப்பத்தெட்டுக் கோச்சி... நான்தான் அண்ணை ஓட்ட இருந்தது.”

ரஞ்சினி கைகூப்பினாள். தெளிவாகத் தெரியாத கண் இரண்டும் நிறைந்து வழிந்தன.

“தம்பி... பெற்றோலுக்கு எண்டாலும் இதைப் பிடியுங்கோ” என்று கெஞ்சினார் இராசலிங்கம்.

“ஐயோ, ஏலாது அண்ணை!” அவர் காரைக் கிளப்பினார். “நான் இண்டைக்கு ஸ்ட்ரைக். காசு வாங்கினால், வேலை செய்ததாப் போயிடும்!”