கடைசிக் கதிரை

“‘குளோஸ் த டோர்.’ இதில வினைச்சொல் என்ன செய்யுது? உள்ளதைச் சொல்லுதா, கட்டளை போடுதா, இல்லாததைக் கற்பனை பண்ணுதா?”

பிரகலாதன் சேர் கேட்டது எதிரே இருந்த ரிப்காவிடம். பதில் வந்தது பக்கத்தில் இருந்த அவளுடைய உம்மா ஸுல்பிகாவிடமிருந்து, முணுமுணுப்பாக.

“கட்டளை, சேர்.”

“அக்கா, சொல்லிக் குடுக்காதேங்கோ. தங்கச்சி சொல்லட்டும்.”

ஸுல்பிகா ஏதோ சொல்ல வாயெடுத்து, கூச்சத்தோடு மூடிக்கொண்டாள்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சேர் நடத்தும் சாதாரண தரப் பரீட்சைக்கான ஆங்கில வகுப்புக்கு அடிபிடி. மிஞ்சியிருந்தது ஒரேயொரு கதிரை. ஆட்கள் வந்து உட்கார்ந்ததுமே கேள்வியைத் தொடங்கிவிடுவார். பதில் சரியென்றால்தான் சேர்ப்பார்.

“கிண்ணியாவில இருந்து பஸ் ஏறி வந்தனாங்க சேர்,” என்றாள் ஸுல்பிகா. “பாலர் பாடசாலையில டீச்சர் வேலை ஒண்டு இருக்கு. இங்கிலீஷ் பாஸ் இல்லாட்டித் தர மாட்டாங்களாம்.”

“அப்ப தங்கச்சி வாயைத் திறக்கோணும்.” சேர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். “‘த ஷிப் இஸ் இன் த ஹார்பர்.’ இது?”

ரிப்கா சிரிப்பை அடக்கினாள். “உம்மாவைக் கேளுங்க சேர்.”

“உள்ளதைச் சொல்லுது. கப்பல் அங்க நிக்குதுதானே.” ஸுல்பிகாவால் பொறுக்க முடியவில்லை.

சேருக்கு விசித்திரமாக இருந்தது. இந்தப் பிள்ளை திருதிருவென்று முழிக்கவில்லை, பயப்படவும் இல்லை. பிறகு ஏன் பேசாமல் இருக்கிறாள்?

“கடைசிக் கேள்வி. ‘இஃப் ஐ வேர் எ பேர்ட்.’”

ரிப்கா உம்மாவைப் பார்த்தாள். உம்மா மெல்ல யோசித்தாள்.

“நான் பறவையா இருந்தா... ஆனா நான் பறவை இல்லை. அப்ப, கற்பனை.”

சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அக்கா, குறை நினையாதேங்கோ. பரீட்சை மண்டபத்துக்குள்ள தங்கச்சி உங்களையும் கூட்டிக்கொண்டு போக ஏலாது. கதிரையை வேற ஆளுக்குத்தான் குடுக்கோணும்.”

ஸுல்பிகாவின் முகம் வாடிவிட்டது. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ரிப்கா எழும்பவில்லை.

“நான் இங்கிலீஷ் பாஸ் பண்ணி இப்ப பாங்கில வேலை செய்யிறன் சேர்,” என்றாள். “வகுப்பில சேர வந்தது உம்மா. தனிய வர வெக்கமெண்டு என்னைத் துணைக்குக் கூட்டி வந்தவ.”