நாளைக்குத் தரேன்

சமையல்காரருக்கு அவன் தர வேண்டியது இரண்டாயிரத்து முந்நூறு.

கப்பல் ஏறுமுன் பூட்ஸ் வாங்கக் கைமாற்றாக வாங்கியது. ஐந்து மாதம் ஆகிறது.

தினமும் சாயங்காலம் டீ டம்ளரோடு மேல்தளத்துக்கு மூச்சிரைக்க இரும்பு ஏணி ஏறி வருவார். “என்னப்பா, என் காசு எப்போ?”

“நாளைக்குத் தரேண்ணே.”

“உன் நாளைக்கு நரையே விழுந்துடுச்சுடா” என்பார். அவன் டீயைக் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று முழங்கால் வலி, மகள் படிப்பு என்று பேசிவிட்டு இறங்குவார்.

வேறு யாரும் அவனோடு பேசுவதில்லை. வேலை அப்படி.

காற்றாலைக்காகக் கடலடியில் இரும்புத் தூண் இறக்குகிற கப்பல் அது. அவன் மேலே நின்று தண்ணீரையே பார்க்க வேண்டும். கிட்டத்தில் திமிங்கலம் தெரிந்தால் சொல்ல வேண்டும். சொன்னால் தூணை அடித்து இறக்கும் ராட்சதச் சம்மட்டி நிற்கும். சம்மட்டி நின்றால் எல்லாருக்கும் வீடு ஒருநாள் தள்ளிப்போகும்.

சாப்பிட உட்கார்ந்தால், “திமிங்கலத்தார் வந்துட்டாரு, எழுந்திரிங்கப்பா” என்று பக்கத்து நாற்காலிகள் காலியாகும்.

இன்று கடைசித் தூண். நாளையிலிருந்து திமிங்கலம் குட்டி போடும் காலம். நாலு மாதத்துக்கு அந்தக் கடலில் சம்மட்டி எழக்கூடாது, சட்டம். இருட்டினால் திமிங்கலம் தெரியாது, ராத்திரியில் சம்மட்டி அடிக்கக்கூடாது. இருட்டுவதற்குள் தூண் இறங்கினால் ஆளுக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ். இறங்காவிட்டால் வெறுங்கை. அதை நம்பித்தான் சமையல்காரர் மகளுக்குக் காலேஜில் இடம் சொல்லி வைத்திருந்தார்.

வெயில் மங்கும் நேரத்தில், தண்ணீருக்கு மேலே ஒரு மூச்சு தெரிந்தது. வெள்ளையாக, உலைமூடியைத் திறந்த மாதிரி.

பக்கத்திலேயே இன்னொன்று. சின்னது.

வேறு யாரும் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்திருக்கும்.

சம்மட்டிச் சத்தத்தில் குட்டி கூப்பிடுவது தாய்க்குக் கேட்காது, தேடித் தேடியே இரண்டும் தொலைந்துபோகும் என்று பயிற்சியில் சொன்னார்கள். மற்றப் பாடமெல்லாம் மறந்துவிட்டது. அது மட்டும் மறக்கவில்லை.

வாக்கிடாக்கியை எடுத்தான். “நிறுத்துங்க.”

சம்மட்டி நின்றது. கீழேயிருந்து யாரோ அவன் பிறப்பையே இழுத்துத் திட்டினார்கள். திமிங்கலம் கண்ணைவிட்டு மறைந்தும் அரைமணி பொறுக்க வேண்டும் என்பது விதி. இரண்டும் அவசரமே இல்லாமல் நீந்திக்கொண்டிருந்தன. அதற்குள் இருட்டிவிட்டது.

ஏணியில் சத்தம் கேட்டது. சமையல்காரர். கையில் டம்ளர் இல்லை.

மூச்சு நிதானப்படும்வரை கடலைப் பார்த்தபடி நின்றார்.

“அந்தக் காசு எனக்கு வேண்டாம். நீயே வச்சுக்க. நமக்குள்ள கணக்கு தீர்ந்துச்சு.”

“அண்ணே…” என்று சட்டைப்பைக்குள் கையை விட்டான். அவர் அதற்குள் பாதி ஏணி இறங்கியிருந்தார்.

பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டாயிரத்து முந்நூறும் இருந்தது. முதல் சம்பளத்தன்றே எண்ணி மடித்து வைத்தது. சாயங்காலம் ஏணிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அதை ஒருமுறை தொட்டுப் பார்ப்பான். இன்னும் உள்ளே தள்ளிவிடுவான்.