பின்னால் வந்த காரணம்

கைடுக்குக் கைக்குட்டை முழுக்க நனைந்துவிட்டது. தன்னிடம் ஆறு வருஷம் ஆய்வு செய்த பெண், துறையே கூடியிருக்கும் வாய்மொழித் தேர்வில் நிற்கிறாள். இன்று தேறினால்தான் அவளுக்குக் கல்லூரி வேலை. மனுஷனுக்குப் பதறாதா பின்னே?

பதற்றத்திலும் கும்பிடு போட மறக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் சிரித்தால் சிரித்தார், இருமினால் தண்ணீரை நகர்த்தினார். அந்தப் பெண்ணைத்தான் காலையிலிருந்து ஏறிட்டே பார்க்கவில்லை.

"பின்னால நடக்கறது முன்னால நடந்ததுக்குக் காரணம் ஆகலாமாம். இதுக்கு முந்நூறு பக்கம்! அதுல என் கட்டுரை தப்புன்னு ஒரு அத்தியாயம் வேற!" தேர்வாளர் ஆய்வேட்டை ஒற்றை விரலால் தள்ளினார். "நாளைக்குப் பெய்யப் போற மழையா இன்னிக்கு என்னைக் குடை எடுக்க வைக்குது? மழை வரும்னு இன்னிக்கே நெனச்சேன், எடுத்தேன். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"ஆமாங்க, ஆமாங்க" என்றார் கைடு. அந்தத் தலைப்பை அவளுக்குக் கொடுத்ததே இந்த மகானுபாவர்தான். த்தூ, அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அவள் சொன்ன பதிலுக்கெல்லாம் தேர்வாளர் கொட்டாவி விட்டார். கடைசியில் பேனாவைத் திறந்தார். "தேறலைம்மா. இப்போ நீ சொன்ன பதில் ஒண்ணுகூட உருப்படியில்ல. அதான் காரணம்."

அழப்போகிறாள் என்றுதான் கைடு நினைத்தார். அவள் அழவில்லை.

"நேத்தே முடிவு பண்ணிட்டுத்தானே சார் வந்தீங்க?"

தேர்வாளர் முகம் வெளிறிப்போயிற்று. அவர் கைடைப் பார்த்தார். கைடு மின்விசிறியைப் பார்த்தார்.

"நேத்து எடுத்த முடிவுக்கு இன்னிக்கு நான் சொன்ன பதில்தான் காரணம்னா, என் ஆய்வு சரி. இல்லேன்னா நெஜமான காரணத்தைச் சொல்லுங்க சார், எல்லாரும் கேட்டுக்கட்டும்."

பெரிய மேதை அறிக்கைத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நடையைக் கட்டினார்.

வராந்தாவில் கைடுக்கு உச்சி குளிர்ந்திருந்தது. "என் மானத்தைக் காப்பாத்திட்டியேம்மா! ஆனா ஒண்ணு புரியல. நேத்து ஹோட்டல் ரூம்ல அவர் என்கிட்ட மட்டும் சொன்னது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் நடையை நிறுத்தினாள்.

"எனக்கு எங்க சார் தெரியும்? வயித்தெரிச்சல்ல சும்மா அடிச்சு விட்டேன்."

அவரை மேலும் கீழுமாக ஒரு தடவை பார்த்தாள்.

"அப்போ உங்களுக்கு நேத்தே தெரியும்."