பதினாறு சிரட்டைச் சில்லு

“எட்டுச் சிரட்டை காணாதப்பா, றேடியோ முனகுது. பதினாறு கட்டுங்கோ,” என்றாள் சிவக்கொழுந்து.

சண்டையால் இணுவிலில் கரண்ட் போய் இரண்டு வருசம். பற்றறிக்கும் தடை. பாட்டில்லாமல் தவித்துப்போன அவள் கணவர் தம்பிராசா, கிணற்றடித் தொட்டியின் குழாய்க்குக் கீழே சைக்கிள் சில்லொன்றை நிறுத்தி, சுற்றிவரச் சிரட்டை கட்டி, டைனமோவும் பூட்டியிருந்தார்.

“பதினாறெண்டால் பாரமடி. தண்ணி கனக்க வேணும்.”

“இறையுங்கோவன்.”

தோள் நோகுதென்று மூன்று மாதமாக வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்காத மனிதர், பதினாறையும் கட்டிவிட்டுக் கிணற்றுத் துலாக்கயிற்றைப் பிடித்தார். தொட்டி நிரம்பியது, சில்லு சுழன்றது, றேடியோ கணீரென்று பாடியது.

“எடியே, பாடுதடி!” என்று துள்ளினார்.

“இறைப்பை விடாதேங்கோ, பாட்டு நிண்டிடும்!”

பத்தாவது பாட்டில், சில்லில் விழுந்தோடிய தண்ணீர் வெங்காயத்தின் கடைசிப் பாத்தியையும் நனைத்தது.

சிவக்கொழுந்து குசினிக்குள் போய் அரிசிப் பானைக்குள் கையை விட்டாள். தமையன் கொழும்பிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்த நாலு புதுப் பற்றறிகளும் பத்திரமாக இருந்தன.

“வெங்காயம் கிண்டி எடுக்கும்வரைக்கும் உதுக்குள்ளையே கிடவுங்கோ,” என்று அரிசியால் மூடிவிட்டாள்.