நூலகத்தின் பின்சுவர்

பழைய பல்கலைக்கழக நகரத்தைத் தாங்களாகவே நடந்து சுற்றிப் பார்ப்பவர்களுக்கு ஹெட்போன் கொடுப்பது என் வேலை. அதில் வழிசொன்ன குரல் என் அக்காவுடையது. நூலகத்தின் பின்சுவருக்கு வந்ததும், "இங்க ஒரு வாசல் இருந்துச்சு. பொம்பளைங்க உள்ள வரக்கூடாதுன்னு அடைச்சிட்டாங்க. தள்ளிப் பாருங்க" என்பாள்.

அந்த வரியை எடுக்கச் சொன்னார் மேலாளர். அக்கா பிடித்த பிடியை விடவில்லை. போன வருடம் அவள் இறந்ததும் பதிவு முழுவதையும் அழித்துவிட்டு வேறொருவர் குரலைப் போட்டார்கள்.

ஆனாலும் போகிறவர்கள் எல்லாரும் அந்தச் சுவரைத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

இன்று மேலாளர் என் மேசைக்கு வந்தார்.

"அந்த வரியை இன்னும் அழிக்கலையா நீ?"

"அழிச்சது நீங்கதானே சார். அக்கா பேச்சை நிறுத்தலன்னா நான் என்ன பண்றது? நீங்களே போய்ச் சொல்லிப் பாருங்க" என்று ஒரு ஹெட்போனைத் துடைத்து நீட்டினேன்.

முறைத்துவிட்டு விறுவிறுவென்று போனார். என் மேசையிலிருந்து பின்சுவர் நன்றாகத் தெரியும். அதன் முன்னால் நின்று, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் எதையோ கேட்டார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இரண்டு கையாலும் தள்ளத் தொடங்கினார்.

துடைத்த ஹெட்போன் இன்னும் என் கையில்தான் இருந்தது.