குளிர் அறையில் ஒரு சந்து

மருத்துவமனையின் சர்வர் அறையில் ஸ்வெட்டர் போட்டும் பொறியாளருக்குப் பல் தந்தியடிக்கிறது. ஆனால் எதிரே உள்ள இரும்பு அடுக்கின் மேல்தட்டுக் கணினிகள் கொதிப்பதாகத் திரை சிவப்பில் மின்னுகிறது. அவை அணைந்தால் மாடியில் நடக்கும் அறுவைச் சிகிச்சைக்கு ஸ்கேன் படம் கிடைக்காது. "இன்னும் குளிர வைக்கவா, மேடம்?" என்கிறார் ஏசி மெக்கானிக். "குளிருக்குக் குறைச்சல் இல்லண்ணே. அது எங்க போகுதுன்னுதான் புரியல." பொறியாளர் டிஷ்யூ தாளைக் கீற்றாகக் கிழித்துக் கணினிகளின் முன்னால் பிடிக்கிறாள். காற்றை உள்ளிழுக்கும் முகப்புகளில் தாள் சமர்த்தாக ஒட்டிக்கொள்கிறது. காலையில் ஒரு கணினியைக் கழற்றிய காலிச் சந்துக்கு எதிரே மட்டும் அது அவள் முகத்தை நோக்கிப் பறக்கிறது. கணினிகள் பின்பக்கம் கக்கிய அனல் அந்தச் சந்து வழியாக முன்னால் வந்து, மேலே ஏறி, மேல்தட்டுக் கணினிகளுக்குள் புகுகிறது. "ஒண்ணக் கழட்டினா சூடு குறையத்தானே வேணும்?" என்று அவர் தலையைச் சொறிகிறார். "எனக்கும் இவ்வளவு நேரம் அதான்ணே குழப்பம். முதல்ல இந்தச் சந்த அடைக்க ஒரு அட்டை தேடுங்க." இரண்டு முழங்கைகளையும் குறுக்கே வைத்துச் சந்தை அடைக்கிறாள். திரையின் சிவப்பு மெல்ல மஞ்சளாகிறது. முதுகு நடுங்க, கைகள் வியர்க்க, தனக்குக் குளிர்கிறதா சுடுகிறதா என்றே தெரியாமல் அவள் அசையாமல் நிற்கிறாள்.