இடது பக்கத்து உயிர்

"இடது பக்கம் பாருங்க, உயிர் இருக்கு. வலது பக்கம் பாருங்க, வெறும் படம் இருக்கு. அவ்வளவுதான்!"

கேமராக் கடையின் கண்ணாடி மேஜைமேல் இருபத்துநாலு பிரிண்ட்டுகளை ஜோடி ஜோடியாகப் பரப்பிவிட்டு நிமிர்ந்தார் பல் டாக்டர். "நல்லா திறங்க... இன்னும் பெரிசா... கண்ணைச் சொன்னேன்!" நாள் பூரா ஊரார் வாயைப் பார்த்துச் சொல்லிப் பழகிய வாய், கடையிலும் சும்மா இருக்குமா?

கடைக்காரர் இடதைப் பார்த்தார், வலதைப் பார்த்தார், கடைசியில் கடிகாரத்தைப் பார்த்தார். பாவம், அவருக்கு இது நாலாவது சனிக்கிழமை.

விஷயம் இதுதான். ரெண்டும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு, ஒரே கனம், கிட்டத்தட்ட ஒரே விலை. அதுவும் என்ன விலை! அந்தக் காசுக்கு ஒரு சின்னக் காரே வாங்கலாம். ஒன்றின் முதுகில், எடுத்த படத்தைப் பார்க்கத் திரை உண்டு. இன்னொன்றின் முதுகு மொட்டை. படம் எப்படி வந்ததென்று கார்டைக் கழற்றிப் பிரிண்ட் போட்டால்தான் தெரியும். இந்த ஒரு வித்தியாசத்துக்காக மனுஷர் ஒரு மாசமாகத் தூக்கம் கெட்டுக் கிடந்தார்.

அவர் மனைவிக்கோ காரைத் தவிர வேறு நினைப்பே இல்லை. வெயிலிலும் மழையிலும் பதினாறு வருஷமாக ஸ்கூட்டர் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவள். பணம் சேர்த்ததும் காருக்குத்தான். ஆனாலும் அவள் மல்லுக்கு நிற்கவில்லை, ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"என் போன்ல வராத படம் ஒண்ணே ஒண்ணு எடுத்துக் காட்டுங்க. தாராளமா கேமரா வாங்கிக்கலாம். இல்லேன்னா, மறுபேச்சுப் பேசாம காரு."

கடைக்காரர்தான் போன வாரம் மனம் இரங்கி, ரெண்டு கேமராவையும் ஒரு நாளைக்குக் கொடுத்தனுப்பினார். லென்ஸ் மட்டும் ஒன்றுதான்.

"மாத்தி மாத்திப் போட்டுக்குங்க டாக்டர். ஆனா மாத்தும்போது மறக்காம லென்ஸுக்கு மூடியைப் போட்டுடுங்க. ஒரு கீறல் விழுந்துச்சு, நான் தொலைஞ்சேன்!"

டாக்டர் சொல் தட்டவில்லை. பூங்காவில் முதலில் திரை வைத்த கேமராவில் பன்னிரண்டு படம் எடுத்தார். பிறகு மூடியைப் போட்டு, லென்ஸைப் பதவிசாகக் கழற்றி, மொட்டை முதுகுக் கேமராவில் மாட்டினார். அதே இடங்களில் மறுபடி பன்னிரண்டு.

இந்த ரகக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மூலையில் தனியாக ஒரு குட்டி ஜன்னல். அதில் ரெண்டு ரெண்டாகத் தெரியும் உருவம் ஒன்றாகும்வரை லென்ஸைத் திருப்ப வேண்டும். "சேருது, சேருது... சேர்ந்துடுச்சு!" என்று அவர் போட்ட கூச்சலில் புறாக்களெல்லாம் பறந்துவிட்டன. மனைவி போனும் கையுமாகப் பக்கத்திலேயே நின்றாள்.

பிரிண்ட் போட்டு வாங்கி வந்ததும் அவள்தான். இடது பக்கம் மொட்டை, வலது பக்கம் திரை என்று பிரித்துக் கொடுத்ததும் அவள்தான். பார்த்த மாத்திரத்தில் டாக்டர் முடிவுக்கு வந்துவிட்டார்.

"இதைப் பாருங்க சார்." பெஞ்சுப் படம் ஒன்றைக் கடைக்காரரிடம் தள்ளினார். "ஓரத்துல யாரோ ஒருத்தனோட முழங்கை. கட்டம் போட்ட சட்டை. திரை இருந்திருந்தா அப்பவே அழிச்சுட்டு வேற எடுத்திருப்பேன். இந்த முழங்கைதான் சார் உயிரே!"

கடைக்காரர் முழங்கையைப் பார்த்துத் தலையாட்டினார். விற்கிறவர் தலை ஆடாமல் இருக்குமா?

டாக்டர், பக்கத்தில் நின்ற மனைவியிடம் திரும்பினார். "இப்பச் சொல்லு. உன் போன் தலைகீழா நின்னாலும் இது வருமா?"

"வராதுங்களா?"

"ஏழு ஜென்மத்துக்கும் வராது! சார், மொட்டைக்கே பில் போடுங்க."

"என்னங்க, ஒரு நிமிஷம்." அவள் அந்த முழங்கைமேல் விரலை வைத்தாள். "இது யாருன்னு தெரியலையா?"

டாக்டர் படத்தைப் பார்த்தார். தன் சட்டைக் கையைப் பார்த்தார். அதே நீலம், அதே கட்டம்.

"நான் எடுத்த படத்துல என் முழங்கை எப்படி...?"

அவள் போனை மேஜைமேல் வைத்தாள். அதே பெஞ்சு, அதே முழங்கை. விரலால் தள்ளத் தள்ள, இடது பக்கத்து உயிர் பன்னிரண்டும் வரிசையாக வந்து நின்றன. கடைக்காரர் பில் புத்தகத்தை மெதுவாக மூடினார்.

"அப்போ... நான் எடுத்தது?" மரத்துப்போக ஊசி போட்ட வாய் மாதிரி குழறினார் டாக்டர்.

அவள் கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்துப் பிரித்தாள். பன்னிரண்டு பிரிண்ட். பன்னிரண்டும் கன்னங்கரேல்.

"நீங்க துள்ளிக் குதிச்சதைப் பாத்தப்புறம் சொல்ல மனசே வரலீங்க. அதான் என்னுதைப் பிரிண்ட் போட்டு வச்சேன். காரு கிடக்கட்டும், இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க..."

மேஜைமேல் மூடி போட்டபடியே இருந்த அந்த லென்ஸை அவள் கையில் எடுத்தாள்.

"ஊரார் வாயையெல்லாம் திறங்க, திறங்கன்னு சொல்றீங்களே, இந்த மூடியைத் திறந்தீங்களா?"